ஆடிச் சந்தைக்கு முன் மலை மாடுகளை விற்றுவிடலாமா?

கேள்வி:

ஐயா, எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிறது. வீட்டில் கன்னடம் பேசுகிற லிங்காயத்துக் குடும்பம். நான் கல்லூரி முடித்துவிட்டு ஊரில்தான் இருக்கிறேன். எங்களுக்கு 38 மலை மாடுகள். தாத்தா காலத்திலிருந்து காட்டுக்குள் பட்டி போட்டு மேய்க்கிறோம். கொஞ்சம் மானாவாரி நிலம் தவிர வேறு பிழைப்பு இல்லை. சரணாலயம் அறிவித்த பிறகு, இனி பட்டியே இருக்கக் கூடாது என்று வனத்துறை வாட்சர் சொல்லிவிட்டுப் போனார். 1988ஆம் வருடத்துத் தேசிய வனக் கொள்கையில் காட்டை ஒட்டி வாழ்பவர்களுக்குத்தான் முதல் இடம் என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார். புதுக் கொள்கை வந்தால் அதுவும் போய்விடும் என்கிறார் அண்ணன். அந்தியூர் ஆடிச் சந்தையில் எல்லா மாட்டையும் விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கொள்கை என்பது சட்டமா? அதைக் காட்டி மேய்க்க முடியுமா? விற்பதுதான் வழியா? தாத்தாவின் பெட்டியில் பழைய மேய்ச்சல் பர்மிட்டுகள் சில கிடக்கின்றன. அவற்றால் ஏதாவது பயன் உண்டா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் அந்தப் பெட்டியைப் பத்திரப்படுத்துங்கள். பர்மிட்டுகளை மெதுவாக மடிப்புப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். நாலைந்து நகல் போடுங்கள். மூலம் வீட்டிலேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் நகலைத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் கடைசியாகத் தயங்கிக் கேட்ட கேள்வி அது. மற்ற கேள்விகளுக்கு விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் வனத்துறையில் 30 வருடத்துக்கு மேல் இருந்து, வனச்சரகராக ஓய்வு பெற்றவன். உங்கள் மலையில் வேலை பார்த்ததில்லை. வேறொரு மலையில் இதே மாதிரிப் பட்டிகளைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன், மாடுகளைப் பிடித்துப் பவுண்டில் அடைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த மேய்ச்சல் ரசீதுகளை என்னிடம் நீட்டினார். "இதெல்லாம் காலாவதி, தூக்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். அப்போது எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் காகிதங்களின் மதிப்பு எனக்கே புரிந்தது. உங்கள் கடிதத்தில் பர்மிட் என்ற சொல்லைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது.

சரி, உங்கள் முதல் கேள்வி. கொள்கை சட்டம் அல்ல. அரசு தனக்குத் தானே போட்டுக்கொள்கிற வழிகாட்டுதல் அது. கொள்கையில் ஒரு வரி இருக்கிறது என்பதற்காக வாட்சர் உங்களை விட்டுவிட மாட்டார். அதே மாதிரி, கொள்கை மாறிவிட்டது என்பதற்காகவும் சட்டம் கொடுத்த உரிமை போய்விடாது. அண்ணனின் பயத்துக்கு இது பதில். ஆனால் கொள்கையை வெறும் காகிதம் என்றும் ஒதுக்க முடியாது. 2011ல் மேகாலயச் சுண்ணாம்புக்கல் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி கொடுக்கும்போது, 1988 கொள்கையின் நெறிகள்தான் அந்த முடிவை வழிநடத்த வேண்டும் என்றது. ஆகவே அரசோடு வாதாடும்போது கொள்கை கைகொடுக்கும். காட்டுக்குள் கால் வைக்க மட்டும் சட்டம் வேண்டும்.

புதுக் கொள்கை பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018ல் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. தனியாரோடு சேர்ந்து காடு வளர்ப்பது என்ற பகுதிக்கு நிறைய எதிர்ப்பு வந்தது. அந்த வரைவு கொள்கையாக அறிவிக்கப்படவில்லை. 1988தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. 2023ல் திருத்தப்பட்டது வனப் பாதுகாப்புச் சட்டம். அது வேறு விஷயம். எந்த நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தும், எந்தத் திட்டங்களுக்கு விலக்கு என்பதைப் பற்றியது. உங்கள் மாட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

உங்கள் பேராசிரியர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, வனக் கொள்கையை உங்கள் மாட்டின் பின்னாலேயே நடந்து பார்க்கலாம். வழக்கமாக மரத்தை வைத்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்வார்கள். எனக்கு மாட்டை வைத்துச் சொல்வது இன்னும் சரியாகப் படுகிறது.

1878ல் ஆங்கில அரசு இந்திய வனச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது சென்னை மாகாணம் அதற்குள் போகவில்லை. இங்கிருந்த வருவாய் வாரியமே மறுத்தது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு அரிது, அதில் மக்கள் மேய்த்தும் விறகு எடுத்தும் வருகிறார்கள், அதையெல்லாம் அரசின் தனிச் சொத்து என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம். வெள்ளைக்கார அதிகாரிகளே எழுதியது இது. ஆனாலும் 1882ல் சென்னை வனச் சட்டம் என்று தனியாக ஒன்று வந்தது. இன்றைக்கு நம்மிடம் இருக்கிற தமிழ்நாடு வனச் சட்டம் அதுதான். ஒரு காட்டை அரசின் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அறிவிப்பார்கள். வன நிர்ணய அலுவலர் ஒருவர் வருவார். குறித்த காலத்துக்குள் அவரிடம் உரிமை கோராதவர்களின் உரிமை அற்றுப்போகும். மலை உச்சியில் பட்டியில் இருந்த எத்தனை பேருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்திருக்கும்? அப்படிப் போய்ச் சேராதவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் நாங்கள் பிற்காலத்தில் அத்துமீறியவர்கள் என்று எழுதினோம்.

முதல் தேசிய வனக் கொள்கை 1894 அக்டோபரில் வந்த ஒரு சுற்றறிக்கை. அதற்கு ஒரு வருடம் முன்னால் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளர் இந்திய விவசாயத்தைப் பற்றிப் பெரிய அறிக்கை கொடுத்திருந்தார். விறகு கிடைக்காததால்தான் குடியானவன் சாணத்தை எரிக்கிறான், விறகும் தீவனமும் கிடைக்கக் காடு ஒதுக்கினால் சாணம் வயலுக்குப் போகும் என்றார். எவ்வளவு சரியான பார்வை! அதன் தாக்கம் அந்தக் கொள்கையில் இருக்கிறது. காடுகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மலையையும் நீரையும் காக்கும் காடு, வியாபார மரக்காடு, சிறுகாடு, நான்காவது மேய்ச்சல் நிலம். மேய்ச்சலுக்கு ஒரு பெயராவது இருந்தது. உழவுக்கு நிலம் தேவைப்பட்டால் காட்டை விட்டுக்கொடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. அதனால் காடு சுருங்கியதும் உண்மை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 மே மாதம் இரண்டாவது கொள்கை. நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும், மலைகளில் 60 சதவீதம், சமவெளியில் 20 சதவீதம் என்ற கணக்கு அப்போது பிறந்ததுதான். நாட்டு நலன் என்ற சொல் அதில் முன்னால் வந்தது. காட்டை ஒட்டியிருப்பதாலேயே ஒரு கிராமம் நாட்டு நலனைத் தாண்டி அதைப் பயன்படுத்த முடியாது என்றார்கள். மாட்டைப் பற்றிய தொனியும் மாறியது. கட்டுப்பாடில்லாத மேய்ச்சல் காட்டைக் கெடுக்கும், மலிவான மேய்ச்சல் உபயோகமில்லாத மாடுகளைப் பெருக்கும் என்பது அந்தக் கொள்கையின் நினைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததும் அதுதான். அப்போது ஆலைக்கு மரம் வேண்டும் என்று இயற்கைக் காட்டை வெட்டித் தைலமரம் நட்டார்கள். நீலகிரியில் புல்வெளிகளைத் தரிசு என்று எழுதி வாட்டில் மரம் நட்டார்கள். கூப்பு, அதாவது மரம் வெட்டக் குத்தகைக்கு விட்ட பகுதி, வெட்டும் லாரிக்குக் காடு திறந்திருந்தது. மாடு மட்டும்தான் எங்கள் கண்ணுக்குப் பகையாகத் தெரிந்தது.

1973ல் இமயமலைப் பக்கம், மரங்களைக் கட்டிப்பிடித்துக் காக்கும் சிப்கோ இயக்கம் தொடங்கியது. அடுத்த வருடம் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து நின்றார்கள். 1976ல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம் காட்டை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. 1980ல் வனப் பாதுகாப்புச் சட்டம். இவ்வளவுக்கும் பிறகு 1988 டிசம்பரில் மூன்றாவது கொள்கை வந்தது.

எங்கள் துறையில் தலைகீழ் மாற்றம் என்றால் அதுதான். காட்டின் முதல் வேலை வருமானம் தருவது அல்ல, மண்ணையும் நீரையும் சூழலையும் நிலைநிறுத்துவது என்று முதன்முறையாக எழுதினார்கள். ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை உழவர்களோடு சேர்ந்து வெளியே வளர்த்துக்கொள்ள வேண்டும். காட்டுப் பொருள்களில் பழங்குடிகள், காட்டை ஒட்டிய ஏழைகள் ஆகியோரின் வீட்டுத் தேவைக்குத்தான் முதல் பங்கு. உங்கள் பேராசிரியர் சொன்னது இந்த இடம்.

ஆனால் அதே கொள்கையில் மேய்ச்சலுக்கென்று இருக்கிற வரிகளையும் படிக்க வேண்டும். உரிமைகளும் சலுகைகளும், மேய்ச்சல் உட்பட, காட்டின் தாங்குதிறனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. மேய்ச்சலை ஊர் மக்களின் பங்கேற்போடு ஒழுங்குபடுத்த வேண்டும், சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளையும் இளமரங்கள் முளைத்து வரும் இடங்களையும் முழுக்கக் காக்க வேண்டும், தேவையில்லாத பெரிய மந்தைகளை ஊக்குவிக்காதபடி கட்டணம் வைக்க வேண்டும் என்கிறது. ஒழுங்குபடுத்து என்றுதான் சொல்கிறது, ஒழித்துவிடு என்று சொல்லவில்லை. ஊரைச் சேர்த்துக்கொண்டு என்கிறது. இதை உங்கள் மனுவில் அப்படியே எழுதுங்கள். கூடவே, தாங்குதிறன் என்ற சொல் உங்களையும் கட்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. 1952லும் 1988லும் மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு மரத்தை வைத்துத்தான். இந்திய வன ஆய்வு நிறுவனம் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மர நிழல் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காட்டுப் பரப்பு என்று கணக்கிடுகிறது. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று பார்ப்பதில்லை. 2023 அறிக்கைப்படி நாட்டின் காட்டுப் பரப்பு 21.76 சதவீதம், தோப்புக்கும் அதில் இடம் உண்டு, புல்வெளிக்கு இல்லை. புல்லைக் கணக்கில் எடுக்காத கொள்கைக்குப் புல் தின்னும் மாட்டையும் அதை மேய்ப்பவரையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த கொள்கை எப்போது வந்தாலும் புல்வெளியை அதன் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் சொல்லி வருகிறேன்.

அப்புறம், உங்கள் சிக்கலின் முடிச்சுக்கு வருவோம். அது கொள்கையில் இல்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. முதலில் எல்லாக் காட்டுக்கும் என்று இருந்த உத்தரவு, பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கப்பட்டது. அன்று உங்கள் மலை வெறும் காப்புக்காடு. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80,567 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவித்ததும், மேய்ச்சல் தடை இருக்கிற வகைக்குள் உங்கள் காடு வந்துவிட்டது. வாட்சர் சொன்னதன் பின்னணி இதுதான். ஏற்கனவே காப்புக்காடாக இருக்கும் நிலத்தைச் சரணாலயமாக்கும்போது, உரிமைகள் எல்லாம் பழைய காலத்திலேயே தீர்ந்துவிட்டன என்று வனவிலங்குச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. புதிய விசாரணை கிடையாது. அந்தப் பழைய தீர்வு எப்படி நடந்தது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் 2006ஆம் வருட வன உரிமைச் சட்டம் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு வரலாற்றில் அநீதி நடந்தது என்று நாடாளுமன்றமே முகவுரையில் ஒப்புக்கொண்ட சட்டம் அது. மேய்ச்சல் உரிமை அதில் பெயர் சொல்லி இருக்கிறது: பிரிவு 3(1)(டி). ஓரிடத்தில் இருந்து மேய்ப்பவர்கள், இடம் மாறி மேய்ப்பவர்கள் இருவருக்கும். வன நிலம் என்பதில் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும் என்று அந்தச் சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள் சோளகர் பழங்குடி ஊர்களுக்கு 2011ல் சமூக உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டன. புலி இருக்கிற இடத்தில் சட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவு ஒன்றால் உரிமைச் சான்று கொடுப்பது பல வருடம் நின்றுபோய், 2016ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. தாமதத்துக்கு உங்கள் ஊர் மட்டும் காரணம் இல்லை.

உங்களுக்கு இதில் ஒரு தடை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் பட்டியல் பழங்குடி இல்லை. எனவே சட்டத்தின் கண்ணில் 'பிற மரபுவழி வனவாசி'. 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930 வரை போக வேண்டும். பயப்படாதீர்கள். 75 வருடம் என்பது அந்தப் பகுதியில் வாழ்ந்ததற்கான கணக்கு. ஒரே பட்டியில் அத்தனை வருடமும் இருந்ததைக் காட்டச் சொல்லவில்லை. 1930ஆம் வருடத்துக் காகிதம் ஒன்றுதான் வேண்டும் என்றும் யாரும் அடம்பிடிக்க முடியாது. விதி 13ல் சான்றுகளின் பட்டியலே இருக்கிறது. அரசு ஆவணம், விவரச்சுவடி (கெசட்டியர்), வனத்துறையின் பழைய பதிவுகள், வம்சாவளி, சுடுகாடு இடுகாடு, கோயில், கிணறு, பழைய கட்டுமானத்தின் மிச்சம், பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் எல்லாம் சான்று. சமூக உரிமைக்குப் பாரம்பரிய மேய்ச்சல் இடங்களே சான்றாகும். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருந்தால் போதும். தாத்தாவின் பர்மிட் இதில் முதல் வகை. அரசே கட்டணம் வாங்கிக்கொண்டு, இந்தக் காட்டில் இந்த ஆள் இத்தனை மாடு மேய்க்கிறார் என்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதம். அபராத ரசீது இருந்தால் அதையும் சேருங்கள். அது வனத்துறைப் பதிவுதான். அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்ததைத்தான் அதுவும் சொல்கிறது.

இன்னொரு இடத்திலும் தேடலாம். ஈரோடு தனி மாவட்டமானது 1979ல்தான். அதற்கு முன் உங்கள் மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில், பவானி வட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய பதிவுகளைக் கோவை மாவட்டம் என்ற தலைப்பில் தேட வேண்டும். நிக்கல்சன் 1887ல் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு ஒன்று உண்டு. எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பாருங்கள். கல்லூரி முடித்து வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு உங்களை மாதிரி ஒருவர் ஊரில் இருப்பதே பெரிய விஷயம்.

மேய்ச்சல் உரிமையைத் தனி ஆளாகக் கோர முடியாது. அது ஊரின் உரிமை. படிவம் 'பி' என்பது சமூக உரிமைக்கு. படிவம் 'சி' என்பது காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்குக் கிடைக்கிற உரிமைக்கு. இரண்டையும் சேர்த்தே போடுங்கள். கிராம சபை கூடி வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 10 முதல் 15 பேர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். நீங்கள் அதில் இருக்க வேண்டும். ஊராட்சி முழுவதற்கும் ஒரே கூட்டம் போட்டால் உங்கள் குக்கிராமத்தின் பேச்சு எடுபடாது. ஆட்கள் எண்ணிக்கையும் தேறாது, ஏனென்றால் பாதிப் பேர் வந்தாக வேண்டும். காட்டுக்குள் இருக்கிற பழைய குடியிருப்பு, கணக்கில் கிராமமாக இல்லாவிட்டாலும், இந்தச் சட்டப்படி கிராமம்தான். அந்த அளவில் சபை கூட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பக்கத்துச் சோளகர் ஊர்களோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள். இதை நான் ரொம்ப முக்கியமாகச் சொல்கிறேன். அவர்கள் தேன் எடுக்கிற பாறை, சீமாற்றுப் புல் அறுக்கிற சரிவு, கும்பிடுகிற இடம் எல்லாம் உங்கள் மாடு போகிற வழியில்தான் இருக்கும். பட்டியல் பழங்குடி என்பதால் அவர்களுக்கு 75 வருட நிபந்தனை இல்லை, அவர்களின் மனு சீக்கிரம் நகரும். நீங்கள் தனியாகப் படம் வரைந்து, அவர்கள் தனியாக வரைந்து, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால், மனுக்களைப் பரிசீலிக்கிற உட்கோட்டக் குழுவில் இரண்டும் கிடப்பில் போகும். எல்லையை ஒன்றாக நடந்து பாருங்கள். எந்த மாதம் யாருக்கு எந்தப் பக்கம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

கிராம சபை தீர்மானம் போட்டால் உட்கோட்டக் குழுவுக்குப் போகும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கிராம சபை, உட்கோட்டக் குழு ஆகியவற்றின் முடிவின் மேல் 60 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. மனு கொடுத்த எல்லாவற்றுக்கும் தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். வாட்சர் வாயால் சொன்னதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். பட்டியைக் காலி செய்ய உத்தரவு இருந்தால் எழுத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, சரணாலய அறிவிக்கை, வரைபடம், உங்கள் பகுதிக்கு வனத்துறை வைத்திருந்த பழைய மேய்ச்சல் பதிவேட்டின் நகல் மூன்றையும் கேளுங்கள். பதிவேட்டில் தாத்தா பெயர் இருந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது.

சட்டத்தின் பிரிவு 4(5), விசாரணை முடியும்வரை, அனுபவத்தில் இருக்கிற வன நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. அது பட்டிக்குப் பொருந்தும் என்று வாதாடலாம். ஆனால் உயர் நீதிமன்றத் தடை இருக்கும்போது, மனு கொடுத்துவிட்டோம் என்று தைரியமாக மாட்டை ஓட்டிக்கொண்டு போய் வழக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. உங்கள் பெயரில் போய்க் கேளுங்கள். இடைக்காலத்தில் என்ன செய்யலாம் என்பதை, உத்தரவையும் உங்கள் மனுவையும் ஒன்றாகப் பார்க்கிற வக்கீல்தான் சொல்ல முடியும்.

தாங்குதிறன் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அது வெறும் சாக்கு இல்லை. நான் கண்ணால் பார்த்தது. தண்ணீர்த் தடத்தை ஒட்டிப் பட்டி போட்டால் காட்டெருமையும் மானும் அந்தத் தண்ணீருக்கு வருவது குறையும். கோமாரி மாட்டிலிருந்து காட்டெருமைக்குத் தொற்றும். கீழ்நாட்டிலிருந்து எருவுக்காக யாரோ ஒருவரின் நூறு மாட்டைப் பட்டியில் சேர்த்து மேய்த்துக் கொடுப்பதும் சில மலைகளில் நடந்தது. அங்கே புல் மொட்டையாகி, அந்த இடத்தில் உண்ணிச்செடி என்கிற லான்டானா களை ஏறியது. உண்ணிச்செடி ஏறின காட்டில் மாட்டுக்கும் ஒன்றும் இல்லை, மானுக்கும் ஒன்றும் இல்லை. மேய்ச்சலை நிறுத்தின இடத்திலும் உண்ணிச்செடி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மாடுதான் காரணம் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அதனால் மனுவோடு கிராம சபையின் மேய்ச்சல் விதிகளையும் எழுதி இணைத்துவிடுங்கள். காட்டையும் விலங்கையும் காக்கிற பொறுப்பை அதே சட்டத்தின் பிரிவு 5 கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை மாடுதான், மலை இனம் மட்டும்தான், வெளி மாடு கிடையாது. தண்ணீரிலிருந்து பட்டி தள்ளி இருக்கும். எந்தச் சரிவுக்கு எந்த மாதம் ஓய்வு. வருடா வருடம் தடுப்பூசி, அதற்குப் பதிவேடு. கோடையில் தீ வைத்தால் ஊரே அபராதம் போடும். பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதில் பாதி உங்கள் ஊரில் ஏற்கனவே வழக்கமாக இருக்கும். எழுதி வைத்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான். எழுதப்பட்ட விதியோடு வருகிற ஊரை ஓர் அதிகாரியால் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்னாலும் முடிந்திருக்காது.

விற்பது பற்றி. எல்லாவற்றையும் விற்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் சந்தைக்குப் போகிற காளைக் கன்றுகளும் வயதான மாடுகளும் போகட்டும். இந்த வருடம் இன்னும் நாலைந்து கூடப் போனாலும் பரவாயில்லை. கையில் கொஞ்சம் பணம் வேண்டியிருக்கும், மேய்ச்சல் குறுகும்போது தீவனம் வாங்க வேண்டியிருக்கும். ஆனால் ஈனுகிற பசுக்களையும் நல்ல பொலிகாளையையும் வையுங்கள். சிவப்பில் வெள்ளைத் திட்டோடு, அந்நியர் கிட்டப் போனால் மிரளுகிற அந்த மாடு, சரிவில் ஏறி மேய்ந்து சாயங்காலம் தானாகப் பட்டிக்குத் திரும்பப் பழகியது. தாயைப் பின்தொடர்ந்துதான் கன்று வழி கற்றுக்கொள்கிறது. அந்த வரிசை ஒருமுறை அறுந்தால், நாளைக்கு உரிமைச் சான்று கைக்கு வந்தாலும், சந்தையில் வாங்கி வருகிற மாட்டுக்கு அந்த மலை தெரியாது. உங்கள் மலையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பர்கூர் மாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மந்தையின் எண்ணிக்கையையும் தடுப்பூசி விவரத்தையும் அவர்களிடம் பதிந்து வையுங்கள். அவர்களின் கடிதம் ஒன்று கிடைத்தால் மனுவில் சேருங்கள்.

தாத்தா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவரிடமும், இல்லாவிட்டால் அவர் வயதை ஒத்தவர்களிடமும் இந்த வாரமே உட்காருங்கள். மனு போடுகிற குடும்பத்துக்கு வெளியே இருக்கிற பெரியவர்களின் வாக்குமூலம்தான் சான்றாகும், அதனால் அடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவரையாவது பிடியுங்கள். கன்னடத்திலேயே பேசட்டும், போனில் பதிவு செய்து, தமிழில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். எந்தெந்தப் பட்டிக்கு என்ன பெயர், யாருடைய அப்பா போட்டது, பஞ்ச வருடத்தில் எந்தப் பக்கம் போனார்கள், எந்தச் சுனை வற்றாது என்று கேளுங்கள். பட்டிகளின் பெயர்களை வரைபடத்தில் குறித்து எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.